பத்துக்குப் பத்து அறையில் சேலத்து ரயில்: மாடல் ரயிலை எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: "சேலம் அழகாபுரத்தில் வீடு. மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. எனக்கும் பதினொரு வயது மகளுக்கும் ரயில் என்றால் உயிர். மாடல் ரயில் அமைக்க ஆசை. எந்த ஸ்கேல், முதலில் என்ன வாங்குவது? ஏற்காட்டு மலைமேல் ரயில் ஏறுவதுபோலச் செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் நம்பும் முதல் விதி இது. பலரும் ஜெர்மன் எஞ்சினோ அமெரிக்க எஞ்சினோ உள்ள ஸ்டார்ட்டர் செட் ஒன்றை வாங்கி, முட்டை வடிவத் தண்டவாளத்தைத் தரையில் பரப்பி, இரண்டு வாரம் சுற்ற விடுகிறார்கள். பிறகு அது பரணுக்குப் போய்விடுகிறது. ரயிலில் குறை ஒன்றும் இல்லை. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எதற்காக நிற்கிறது என்ற கதையே அந்த வட்டத்தில் கிடையாது. நீங்கள் நின்று பார்த்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் கதை தானாக வந்துவிடும். எத்தனை லைன் (தண்டவாளப் பாதை), எந்தப் பெட்டிகள், மண் என்ன நிறம், பின்னால் என்ன மலை என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த இடமே பதில் சொல்லும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் மெயின் லைன், பொம்மிடி தாண்டி லோகூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேர்வராயன் மலையின் அடிவாரக் காட்டில் வளைந்து வருகிறது. இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, ஒரு பக்கம் காடு, பின்னால் மலைச்சுவர். மாடல் செய்பவனுக்கு இதைவிடக் காட்சி வேண்டாம். இன்னும் தெற்கே வந்தால் மேக்னசைட் ஜங்ஷன். அங்கேதான் ஓமலூர் போகும் பாதை பிரிகிறது. அந்த வழியில்தான் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போகிறது, பெங்களூர் ரயில்களும் போகின்றன. சுற்றிலும் வெள்ளைக்கல் வெட்டியெடுத்த குவியல்கள், சிவந்த மண்ணுக்கு நடுவே சுண்ணாம்பு கொட்டியதுபோல. மூன்றாவது, விருத்தாசலம் லைனில் ஊருக்குள்ளேயே இருக்கும் சேலம் மார்க்கெட் ஸ்டேஷன். செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கம், சின்ன இடம், சரக்கு ஏற்றி இறக்கும் குட்ஷெட், லாரிகள். சேலம் ஜங்ஷனையே செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். அத்தனை பிளாட்பாரத்தையும் யார்டையும் பத்தடிச் சுவரில் அடைத்தால் எதுவுமே அதுவாகத் தெரியாது.

ஓர் இடத்தைத் தேர்ந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது, நகரும் ரயிலோடு செல்ஃபியும் கூடாது. நோட்டில் குறிக்க வேண்டியவை: லூப் லைன் (ஒரு ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) எந்தப் பக்கம் பிரிகிறது, ரயில் தடம் மாறும் பாயிண்டுகள் எங்கே, சிக்னல் எந்தக் கம்பத்தில், மேடை விளிம்பு என்ன நிறம், மஞ்சள் பெயர்ப்பலகையில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் எந்த வரிசையில், கடல்மட்ட உயரம் எந்த மூலையில். ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் ஜன்னல் கம்பி வரைக்கும் பாருங்கள். இந்த நோட்டுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் பின்னால் வாங்கும் எந்த எஞ்சினைவிடவும் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்து ஏற்காடு. உண்மையில் ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதைதான். ஏற்காடு எக்ஸ்பிரஸ்கூடச் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையில் மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. மலையை அளவோடு செய்வதென்றால் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போடுங்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து 1,515 மீட்டர், சேலம் சுமார் 278. மாடலில் அதிகம் புழங்குவது அசலில் 87-இல் ஒரு பங்கு (பின்னால் விரிவாகச் சொல்கிறேன்). வித்தியாசத்தை அந்த 87-ஆல் வகுத்தால் 14 மீட்டர் வருகிறது, நாலைந்து மாடிக் கட்டடம். ஆகவே மலை சுவரில் ஓவியமாக இருக்கட்டும். அழகாபுரத்து மொட்டைமாடியிலிருந்து காலையில் தெரியும் சேர்வராயன் விளிம்பைப் போட்டோ எடுத்து, அந்தக் கோட்டை அப்படியே சுவரில் இழுத்து, வெளிறிய நீலச்சாம்பல் பூசுங்கள். தூரத்து மலைக்குப் பச்சை அடிப்பது எல்லோருக்கும் வரும் ஆசை, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பச்சை கரைந்துவிடும். ஓவியத்துக்கு முன்னால் அரையடி உயரத்தில் ஒரு கரட்டைத் தெர்மகோலில் செதுக்கி, அதில் மலைப்பாதையின் ஒரே ஒரு வளைவையும் ஒரு பஸ்ஸையும் வைத்தால் போதும். மீதிப் பத்தொன்பது வளைவுகளைப் பார்ப்பவர் மனமே போட்டுக்கொள்ளும்.

மலையேறும் ரயில்தான் வேண்டும் என்றால் கற்பனை ஏற்காட்டு லைனைவிட நீலகிரியைச் செய்யச் சொல்வேன். அதுவும் நம் சேலம் கோட்டத்தின் கீழ்தான் ஓடுகிறது. மீட்டர் கேஜ், 46 கிலோமீட்டர், 16 குகைகள், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஆனால் பல்சக்கரப் பாதையை மாடலில் சரியாக ஓட்டுவது அனுபவம் வந்தபின் செய்யும் வேலை. முதல் ஆண்டுக்கு ஆகாது.

ஸ்கேலை, அதாவது அசலை எந்த அளவுக்குச் சுருக்குவது என்பதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ (HO), அதாவது 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கியது. நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. எச்ஓ தண்டவாளத்தில் நம் எஞ்சினை நிறுத்தினால் கீழே கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒடுங்கித் தெரியும் என்று பொருள். பக்கவாட்டில் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால் தெரியும். இன்னும் சின்னதான 'என்' (N) ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, 9 மி.மீ. பாதை. சின்ன அறையில் நீண்ட ரயில் ஓட்டலாம். ஆனால் நம் ஊர்ப் பெட்டிகளைக் கையால் செய்து பெயின்ட் அடிக்க அது மிகவும் பொடிசு.

நீங்களே உட்கார்ந்து வகுத்துப் பார்த்தால் இன்னொரு வழி தென்படும். நம் பிராட் கேஜை 100-ஆல் வகுத்தால் 16.76. எச்ஓ தண்டவாளம் அப்படியே பொருந்திவிடுகிறது! 100-இல் ஒரு பங்கு என்றால் கணக்கும் சுலபம், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். கட்டடக்கலை மாணவர்கள் மாடல் செய்வதற்கு விற்கும் மரங்களும் மனிதர்களும் பெரும்பாலும் இந்த அளவில்தான் கிடைக்கின்றன. பெட்டி, வேகன், ஸ்டேஷன் எல்லாவற்றையும் கையாலேயே செய்யத் துணிந்தவர்களுக்கு இது நல்ல வழி. இதிலுள்ள குறை என்னவென்றால், வாங்கும் எஞ்சினின் அடிப்பாகம் எச்ஓ அளவில் இருக்கும், நம் உடற்கூடு அதன்மேல் முழுமையாகப் பொருந்தாது. உங்களுக்கு நான் சொல்வது: எச்ஓவிலேயே தொடங்குங்கள். சக்கரம், பாயிண்ட், உதிரி எல்லாம் கிடைக்கும். ஓராண்டு கழித்து நீங்களே பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டால் அப்போது 100-ஐ யோசிக்கலாம்.

பழைய மீட்டர் கேஜ் நாட்களை நேசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலம் லைன் 2007 வாக்கில்தான் அகலமானது. ஆயிரம் மி.மீ. பாதை எச்ஓவில் 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளம் வெளிநாட்டில் சுலபமாகக் கிடைக்கிறது. பாதை விஷயத்தில் பிராட் கேஜைவிட மீட்டர் கேஜ்தான் நமக்கு அசலுக்கு நெருக்கம். அந்தப் பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினை மட்டும் நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

இடம். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையை அறை நடுவில் போட்டு வட்டம் அமைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எக்ஸ்பிரஸ் ரயில்களில் வரும் எல்எச்பி வகைப் பெட்டியின் உடல் 23.5 மீட்டர், எச்ஓவில் 27 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும், அதாவது 80 செ.மீ.க்கு மேல். நாலடிப் பலகையில் அதிகபட்சம் 55 செ.மீ.தான் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓடும், ஆனால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அசல் பிராட் கேஜில் மிகக் கடுமையான வளைவின் ஆரமே 175 மீட்டர், அதை அளவோடு செய்தால் 2 மீட்டர். நாம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று இதிலிருந்து தெரியும்.

ஆகவே மேசை வேண்டாம், சுவரோரம் அலமாரிப் பலகைபோல் அமைக்கலாம். இரண்டு சுவர்களில் எல் வடிவத்தில், ஒன்றரை அடி அகலம், மூலையில் மட்டும் கொஞ்சம் அகலமாக. அறையின் நடு காலியாக இருக்கும், நீங்களும் மகளும் உள்ளே நின்று இரு பக்கமும் வேலை செய்யலாம். உயரம் நெஞ்சளவு, மகளுக்கு ஒரு ஸ்டூல். மேலிருந்து பார்த்தால் பொம்மை, கண் மட்டத்தில் பார்த்தால் ரயில். எல் வடிவத்தின் ஒரு கையில் ஸ்டேஷன், மறு கையின் கடைசியில் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் மறைவு யார்டு. அதுதான் உங்கள் ஜோலார்பேட்டை, ஈரோடு எல்லாம். ரயில் அங்கிருந்து வரும், அங்கே போய் மறையும்.

முழு நீள ரயில் கிடையாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் எச்ஓவில் ஆறரை மீட்டருக்கு மேல் வரும். நாலைந்து பெட்டிகளோடு ஓட்டினால் ஒன்றரை மீட்டர். அதுவும் உறுத்தினால் குட்டி ரயில்களைத் தேர்ந்தெடுங்கள். விருத்தாசலம் பாசஞ்சர், மேட்டூர் கூட்ஸ். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் வெறும் 10.7 மீட்டர், எச்ஓவில் 12 செ.மீ. பத்து வேகன் கோத்தாலும் ஒன்றேகால் மீட்டர்தான். சின்ன அறைக்குக் கூட்ஸ்தான் கைகொடுக்கும்.

இனி, நான் உண்மையாகவே பரிந்துரைக்கும் தொடக்கம். அறை முழுக்க இப்போதே கட்டாதீர்கள். ஐந்தரை அடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரே ஒரு பலகை. அதில் இரண்டு பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன்கள் நிற்கும், மறுமுனை மூடிய பக்கப் பாதை), ஒரு எஞ்சின், எட்டு வேகன். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர் இது; ஷண்டிங் என்றால் வேகன்களைக் கழற்றி, தள்ளி, வேறு வரிசையில் கோப்பது. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்க இடம் உண்டு, மற்ற இரண்டில் மூன்று மூன்றுக்கு. பாயிண்டுக்கு வெளியே எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கும் அளவுக்கு மட்டும் இடம். எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதி, குலுக்கி ஐந்து எடுங்கள். அந்த ஐந்தும் சீட்டு வந்த வரிசையிலேயே நீளமான சைடிங்கில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் தள்ளி, கழற்றி, கோத்து அடுக்க வேண்டும். மொத்தம் 6,720 வரிசைகள் சாத்தியம். எனவே ஒரே ஆட்டம் திரும்ப வருவது அபூர்வம்.

இதைச் சேலம் மார்க்கெட் குட்ஷெட்டாகச் செய்யுங்கள். ஒரு லைன் ஓரத்தில் ஷெட் மேடை, சாக்கு மூட்டைகள், வரிசையில் நிற்கும் லாரி, டீக்கடை. மகள் பாயிண்ட்ஸ்மேன், நீங்கள் டிரைவர், அடுத்த ஆட்டத்தில் மாறிக்கொள்ளலாம். சீட்டை எடுத்தவர் கொடியசைத்தால்தான் எஞ்சின் நகர வேண்டும் என்று வையுங்கள். வட்டத்தில் சுற்றும் ரயிலைப் பிள்ளைகள் பத்து நிமிஷம் பார்ப்பார்கள், ஷண்டிங்கில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். இணைப்புக்கு முட்டிக்கை வடிவக் கப்ளர்களை வாங்குங்கள், அவற்றில் கேடீ கம்பெனியின் கப்ளர் நம்பகமானது. தண்டவாளத்துக்கு அடியில் காந்தம் வைத்துக் கை படாமல் கழற்றலாம். நம் கூட்ஸ் வேகன்களிலும் எல்எச்பி பெட்டிகளிலும் இருப்பது இதே வகை இணைப்புதான், எனவே பார்வைக்கும் பொருத்தம். இந்தப் பலகை பின்னால் வீணாகாது, எல் வடிவத்தின் ஒரு துண்டாக அப்படியே சேர்ந்துகொள்ளும்.

மரவேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். 12 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட், அடியில் சட்டம், இரண்டு பக்கமும் பெயின்ட். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் மரம் ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளையும். ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம், மூடுபனி மாதங்களில் மரம் ஊதும், இரும்புச் சக்கரம் துருப்பிடிக்கும், எஞ்சின்களைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைக்க வேண்டும். சேலத்து மாடி அறைக்கு எதிரி வெயில். மே மாதப் பகலுக்கும் மார்கழி இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். மூன்று மீட்டர் தண்டவாளம் அதற்கு ஒரு மி.மீ. நீளும். எனவே குளிர்ந்த நேரத்தில் போட்டால் மூட்டுகளில் மெல்லிய இடைவெளி விடுங்கள், கத்திரி வெயிலில் போட்டால் நெருக்கிப் போடலாம். அசல் பாதையில் கேங்மேன்கள் பார்க்கும் அதே கணக்குதான். ஜன்னல் வெயில் நேராக விழாமல் திரை போடுங்கள், பெயின்டும் பிளாஸ்டிக்கும் அதில்தான் சாகும். கரையான் மருந்தைச் சுவருக்கு முன்கூட்டியே அடித்துவிடுங்கள்.

தண்டவாளம் நிக்கல் சில்வரில் வாங்குங்கள். பித்தளை விலை குறைவு, ஆனால் அதன்மேல் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், துடைத்துத் துடைத்தே ஆர்வம் போய்விடும். எஞ்சின் தண்டவாளத்திலிருந்துதான் சக்கரம் வழியாக மின்சாரம் எடுக்கிறது. எஞ்சின் திக்கித் திக்கிப் போனால் பெரும்பாலும் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம், அழுக்குச் சக்கரத்தையும் தளர்ந்த மூட்டையும் பாருங்கள். மூட்டுத் தகடுகளை நம்பாமல் மீட்டருக்கு ஒரு இடத்தில் அடியிலிருந்து வயர் கொடுத்து ஈயத்தால் பற்றவையுங்கள். துடைக்க உப்புத்தாள் கூடவே கூடாது, கீறல்களில் அழுக்கு குடியேறும். மொபைல் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். வேலை முடிந்ததும் பழைய வேட்டி ஒன்றால் மூடி வையுங்கள்.

ஷண்டிங் பலகைக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரே போதும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டும் ஆசை வந்தால் டிசிசி என்ற டிஜிட்டல் முறை. அதில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், கட்டளை டிஜிட்டல் வடிவில் போகும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். இது பொதுத் தரம் என்பதால் ஒரு கம்பெனியின் எஞ்சினை இன்னொரு கம்பெனியின் கருவியால் ஓட்டலாம். விலைகூடிய கருவி வாங்கத் தேவையில்லாமல், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையையும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டையும் வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளால் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம், மொபைலிலிருந்தே ஓட்டலாம். வீட்டு 230 வோல்ட் பக்கம் மட்டும் கைவைக்காதீர்கள். தரமான, மூடிய அடாப்டர் வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மண்ணும் ஜல்லியும். அசல் ஜல்லி அதிகபட்சம் 65 மி.மீ. எச்ஓவில் முக்கால் மி.மீ. கிரஷர் தூளை டீ வடிகட்டியால் சலித்தால் அந்த அளவு கிடைக்கும், நிறமும் நம் பாதையின் சாம்பலேதான். ஆனால் சலித்ததும் அதன்மேல் ஒரு வலுவான காந்தத்தைத் தாளில் சுற்றி நாலைந்து முறை ஓட்டுங்கள். கஞ்சமலை இருக்கும் ஊர் இது. காந்தக்கல் துகள்கள் நம் மண்ணிலும் மணலிலும் கறுப்பாகக் கலந்திருக்கும். அவை எஞ்சினின் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டினால் பல்சக்கரம் அரைபட்டுவிடும். காந்தத்தில் எதுவும் ஒட்டாத வரைக்கும் ஓட்டுங்கள். பிறகு ஜல்லியைப் பரப்பி, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து தெளித்து, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டையாக மேலேயே நிற்கும். பாயிண்டின் நகரும் பகுதியில் மட்டும் பசை போகக் கூடாது. ஜல்லி போடுவதற்கு முன்பே ஒரு வாரம் ரயில் ஓட்டி எல்லாம் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

மண்ணுக்கு உங்கள் ஊர் மண்ணே. சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இதற்கும் காந்தம் காட்டி, ஃபெவிகால் பூசிய தளத்தில் தூவுங்கள். கடையில் பாக்கெட்டில் விற்கும் ஐரோப்பியப் பச்சைப் புல்தூளைப் போட்டால் அந்த நிமிஷமே சேலம் காணாமல் போய்விடும். இங்கே வருஷத்தில் முக்கால்வாசி புல் வைக்கோல் நிறம்தான். வேலிக்காத்தான் முள், பனை, வேம்பு, ஆங்காங்கே கறுத்த பாறை. பனைக்கு முறுக்கிய கம்பியும் வெட்டிய தாளும். மற்ற மரங்களுக்குச் செம்புக் கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்து ஒட்டி, சாயம் போட்ட மரத்தூள் தூவலாம். மலைச்சரிவை ஏற்காட்டு எஸ்டேட்டாகக் காட்டுவதென்றால் உயரமாக, ஒல்லியாக வரிசையில் நிற்கும் சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகுக் கொடி, அடியில் கரும்பச்சையாகக் காப்பிச் செடி. மேக்னசைட் குவியலுக்கு வெள்ளை சிமென்ட்டும் கொஞ்சம் சாம்பலும். தெர்மகோலை ஒட்ட ஃபெவிகால் மட்டும், ரப்பர் பசை பட்டால் உருகிக் குழியாகும்.

மின்கம்பி வேண்டுமா என்று பலர் தயங்குவார்கள். நம் மெயின் லைனில் அது இல்லாமல் படம் முழுமையாகாது. மின்சாரம் அதில் ஓட வேண்டியதில்லை, தோற்றத்துக்கு இருந்தால் போதும். அசலில் கம்பி தண்டவாளத்திலிருந்து ஐந்தரை மீட்டர் உயரம், எச்ஓவில் 63 மி.மீ. கம்பங்களுக்கு இடையே நேர்ப்பாதையில் அதிகபட்சம் 72 மீட்டர், அதாவது 83 செ.மீ. சின்ன லேஅவுட்டில் அதைப் பாதியாகக் குறைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பித்தளைக் கம்பியை வெட்டிப் பற்றவைக்கும் இந்த வேலைக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் போய்ப் பாருங்கள். சாமணம், ஊசி அரம், சின்ன வெட்டுக்கத்தரி, ரம்பத்தகடு எல்லாம் கொலுசு செய்பவர்களின் தரத்தில் கிடைக்கும்.

செலவு. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டு மாடல்கள் அந்தச் சுமையோடுதான் வருகின்றன. ஆகவே வெளியிலிருந்து வாங்க வேண்டியதை மட்டும் வாங்குங்கள்: ஒரு நல்ல எஞ்சின், தண்டவாளம், பாயிண்ட், சக்கரம், கப்ளர். எஞ்சினில் மட்டும் மலிவு தேடாதீர்கள். மெதுவாக ஊர்ந்து போகத் தெரியாத எஞ்சினால் ஷண்டிங் செய்ய முடியாது. வேகன் உடல், ஸ்டேஷன், ஷெட், லாரி எல்லாவற்றையும் சன்போர்டிலும் கெட்டி அட்டையிலும் வீட்டிலேயே செய்யலாம். ஸ்டிக்கர் கடைகளில் லேசர் வெட்டுக்கும் பிரிண்ட்டுக்கும் வழியுண்டு, முப்பரிமாண அச்சிலும் உடற்கூடு எடுக்கலாம்.

ஓட்டும்போது வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது எச்ஓவில் நொடிக்கு 19 செ.மீ., பத்தடிச் சுவரைக் கடக்கப் பதினாறு நொடி. ஷண்டிங் வேகம் நொடிக்கு மூன்று செ.மீ.தான். ஸ்டாப்வாட்சோடு மகளை உட்கார வைத்து ஓட்டிப் பழகுங்கள். மெதுவாகப் போகும்போதுதான் பாரம் இழுக்கும் ரயிலின் கனம் தெரியும். லேஅவுட் வளர்ந்த பிறகு ஒரு நாளைக்கான சின்ன டைம்டேபிள் எழுதுங்கள்: பாசஞ்சர் வரும் நேரம், கூட்ஸ் லூப்பில் ஒதுங்கிக் காத்திருக்கும் நேரம், விளக்கணைத்துவிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் போகும் நேரம். எழுதும்போதே அந்த லூப் லைன் எதற்கு அங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

நேரில் பார்த்துக் கற்க விரும்பினால் சென்னையில் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பெட்டிகளையும் எஞ்சின்களையும் பக்கத்தில் நின்று அளக்கலாம். புணே போக வாய்த்தால் கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள், ஒரு முழு ஊரே ரயிலோடு ஓடும்.

மகளுக்குப் பதினொரு வயது என்கிறீர்கள். பற்றவைப்பு வேலையை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஈயம் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும். ஜல்லி சலிப்பது, மரம் செய்வது, பெயர்ப்பலகை எழுதுவது, சீட்டு எடுப்பது எல்லாம் முழுக்க அவள் பொறுப்பிலேயே இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு மார்க்கெட் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வாருங்கள். பலகையில் மூன்று சைடிங்கையும் பென்சிலால் வரைந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், பாயிண்டுகளை எந்தப் பக்கம் திரும்பியதாக வாங்க வேண்டும் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.